‘ஊருக்கு’ என்று எழுதினால் யாருக்கு? – நிவாரணப் பதிவேடு பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஒவ்வொரு புயலுக்கும் வெள்ளத்துக்கும் அப்புறம் ஒரு கணக்கு வெளியாகும். இத்தனை லாரி அனுப்பினோம், இத்தனை டன் அரிசி, இத்தனை ஆயிரம் போர்வை. கொடியசைத்து அனுப்புகிற படமும் கூடவே வரும். லாரி போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்று அதே அக்கறையோடு எழுதிய கணக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது. விமர்சனம் என்று தலைப்பில் போட்டிருக்கிறேன். முதலில் விமர்சிக்க வேண்டியது நானே எழுதிய ஒரு நோட்டை. அதற்கப்புறம்தான் உலகக் கையேடுகள்.

1. நோட்டு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. சில நாள் கழித்து நண்பர்களோடு டெல்டாவில் ஒரு சிறு நகரத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தைக் கிடங்காக மாற்றியிருந்தார்கள். சமையல்கட்டில் அரிசி மூட்டை, மேடையில் தண்ணீர் பாட்டில், பந்தி போடுகிற கூடத்தில் துணி. என் கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்கும் என்பதால் ஸ்டாக் ரிஜிஸ்டர் என் தலையில் விழுந்தது. ஒன்பது நாள் அந்த நோட்டோடுதான் இருந்தேன்.

வரவுப் பக்கத்தில் ஆறு பத்தி: தேதி, வண்டி எண், அனுப்பியவர், பொருள், அளவு, இறக்கி வாங்கியவர் கையெழுத்து. செலவுப் பக்கத்தில் ஐந்து: தேதி, ஊர், பொருள், அளவு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. ஒன்பதாம் நாள் ராத்திரி கூட்டிப் பார்த்தால் வரவும் செலவும் இருப்பும் கிட்டத்தட்ட ஒத்துப் போனது. எனக்கு ஒரே பெருமை. கடைசிப் பக்கத்தில் ‘பட்டியலில் உள்ள எல்லா ஊர்களுக்கும் வழங்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் கிளம்புகிற நேரத்தில் ஓர் அம்மா வந்தார். தார்ப்பாய் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் நோட்டைப் புரட்டி, “உங்க ஊருக்கு 60 தார்ப்பாய் குடுத்தாச்சேம்மா, இதோ கையெழுத்து இருக்கு பாருங்க” என்றேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. “ஊருக்கு வந்துச்சு தம்பி. எங்க தெருவுக்கு வரல” என்றார்.

இந்த வாக்கியத்தைத் தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம்ம கிராமங்களில் ஊர் என்றால் ஊர், காலனி என்றால் காலனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வயலோ வாய்க்காலோ இருக்கும். வருவாய்த் துறைக்கு அது ஒரே கிராமம். அங்கே இருக்கிறவர்களுக்கு இல்லை. இது எனக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். ஆனாலும் ‘ஊர்’ என்று ஒரே பத்தி போட்டு, ஊர் சார்பில் வந்த ஒருவரிடம் ஒரே கையெழுத்து வாங்கி, விஷயம் முடிந்தது என்று எழுதிவிட்டேன். நோட்டில் கூட்டல் பிழை ஒன்றுகூட இல்லை. பத்தி பிரித்த விதமே பிழையாக இருந்தது.

அந்த அம்மா வந்ததால் எனக்குத் தெரிந்தது. வராதவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த நோட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கும் சொல்ல முடியாது.

2. வந்து குவிவது

பேரிடரில் ஆளும் பொருளும் தகவலும் ஒரே இடத்தை நோக்கிப் பாய்ந்து வருவதைப் பற்றி அமெரிக்காவில் ஃபிரிட்ஸ், மேத்யூசன் என்ற இரண்டு பேர் 1957லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். பொருள்கள் இப்படி வந்து குவிவதைப் பொருட்குவிப்பு என்று சொல்லலாம். வருகிற பொருளை மூன்றாகப் பிரிப்பது இந்தத் துறையில் வழக்கம்: உடனே வேண்டியது, பிறகு வேண்டியது, வேண்டவே வேண்டாதது. மூன்றாவது வகையைச் சும்மா ஓரமாக வைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. அதையும் ஒருத்தர் இறக்கணும், பிரிக்கணும், நனையாமல் வைக்கணும், கடைசியில் எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டணும். அந்த வேலைக்கு ஆகிற ஆளும் இடமும் முதல் வகையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுகிற உதாரணம் ஆர்மீனியா. 1988 டிசம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்த மருந்தும் மருத்துவப் பொருளும் குறைந்தது 5,000 டன். அதில் உடனே எடுத்துப் பயன்படுத்தும்படி இருந்தது சுமார் 30 சதவீதம். மீதியைப் பிரித்து அடையாளம் காண 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. மருந்துப் பெட்டிமேல் பல மொழி. சிலவற்றில் காலாவதித் தேதி தாண்டியிருந்தது. இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் 1996ல் உலக சுகாதார நிறுவனம் மருந்துக் கொடைக்கு நெறிமுறை வெளியிட்டது. வந்து சேரும்போது குறைந்தது ஓர் ஆண்டு ஆயுள் மிச்சம் இருக்கணும், பெறுகிற நாட்டு மருத்துவர்களுக்குப் புரிகிற மொழியில் லேபிள் இருக்கணும் என்பதெல்லாம் அதில் உண்டு.

நமக்கு ஆர்மீனியா வரைக்கும் போக வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்குச் சாலையோரம் கிடந்த பழந்துணிக் குவியல் ஞாபகம் இருக்கும். எங்கள் மண்டபத்திலும் அதே கதைதான். பண்டல் பண்டலாகத் துணி. அதைப் பிரிக்க தினமும் ஆறேழு பேர். அதே ஆறேழு பேர் குட்டி யானை வண்டியில் உள்கிராமத்துக்குப் போயிருந்தால், காலனியைப் பார்த்திருப்பார்கள். இரக்கத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பண்டல் துணியை இறக்குவதற்கும் ஒரு தெரு விடுபடுவதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

3. தண்ணீர் என்று கேட்டால்

வரவு எப்படிக் கேட்காமலே வந்ததோ, அதே போலச் செலவுப் பக்கத்திலும் நாங்கள் சரியாகக் கேட்கவில்லை. முதல் நாளிலிருந்து எல்லா ஊரும் சொன்ன ஒரே சொல் ‘தண்ணி’. அதை வாட்ஸப்பில் அப்படியே போட்டோம். பாட்டில் தண்ணீர் வந்தது. மேடை நிறைந்தது.

அங்கே நிலத்தடியில் தண்ணீர் இல்லாமல் இல்லை. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மேல்நிலைத் தொட்டி காலி. குழாயில் தண்ணீர் இல்லை. ஆக, தேவைப்பட்டது ஒரு ஜெனரேட்டர், அதற்கு டீசல், மோட்டாரில் இணைத்துக் கொடுக்கத் தெரிந்த ஓர் ஆள். ஒரு தொட்டியை ஒருமுறை நிரப்பினால் ஒரு கிராமத்துக்கே தண்ணீர். பாட்டிலாகக் கொடுத்தால் குடிக்க மட்டும்தான் ஆகும். குளிக்கவோ பாத்திரம் கழுவவோ மாட்டுக்கு வைக்கவோ ஆகாது. இது எங்களுக்குப் புரிய நான்கு நாள் ஆனது. சொன்னது உள்ளூர்ப் பஞ்சாயத்தில் மோட்டார் போடுகிறவர். அவரை நாங்கள் தேடிப் போகவில்லை. தற்செயலாக டீ கொண்டு வந்தபோது சொன்னார்.

தேவை என்பதை ஒரு பொருளின் பெயராக எழுதும்போது இந்த மாதிரி ஆகிறது. ‘தண்ணீர்’ என்பதற்குப் பதிலாக ‘மூன்று நாளாகத் தொட்டி ஏறவில்லை, மோட்டார் நன்றாக இருக்கு, கரண்ட் இல்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், யார் படித்தாலும் ஜெனரேட்டரைத்தான் தேடியிருப்பார்கள்.

4. ஸ்பியர் கையேடு

இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் கையில் எப்போதும் இருக்கிற நூல் ஸ்பியர் கையேடு. 1997ல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் சேர்ந்து தொடங்கிய முயற்சி. நான்காவது பதிப்பு 2018ல் வந்தது. பலருக்கும் இது எண்களின் நூலாகத்தான் தெரியும். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது. நாளைக்கு 2,100 கிலோ கலோரி உணவு. தலைக்கு 3.5 சதுர மீட்டர் கூரை. மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு.

இந்த எண்கள் பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ‘கொடுத்ததை வாங்கிக்கோ’ என்ற இடத்திலிருந்து ‘இவ்வளவு கிடைக்க உனக்கு உரிமை உண்டு’ என்ற இடத்துக்குப் பேச்சை நகர்த்திய நூல் அது. முகாமில் இருக்கிற ஒருத்தர் அதிகாரியைப் பார்த்து, “எங்களுக்கு ஆளுக்கு அஞ்சு லிட்டர்தான் வருது, 15 வரணும்” என்று சொல்ல ஓர் அளவுகோல் கிடைத்தது.

கையேட்டில் எண்களுக்கு முன்னால் நியமங்கள் இருக்கின்றன. எண்கள் அந்த நியமம் நிறைவேறுகிறதா என்று பார்க்கும் குறிகள் மட்டுமே. பாகுபாடு கூடாது, பாதிக்கப்பட்டவர்களைக் கலந்து முடிவெடுக்கணும், புகார் சொல்ல வழி இருக்கணும் என்பதெல்லாம் அதில் தெளிவாகவே உண்டு. சந்தை வழியாக, பணமாக உதவுவது பற்றி 2018 பதிப்பில் தனிப் பகுதியே இருக்கிறது. ஆகவே நூலைக் குற்றம் சொல்லி ஓடிவிட முடியாது.

என் விமர்சனம் இரண்டு. முதலாவது, ‘தலைக்கு இவ்வளவு’ என்ற கணக்கு தலைகளை எண்ணி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. 60 தார்ப்பாயை 60 வீட்டால் வகுத்தால் வீட்டுக்கு ஒன்று. மிகச் சரியான விடை. 94 வீடு இருந்ததை யார் சொல்வது? வகுத்தல் எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு, வகுக்கும் எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. எண்ணிக்கை சொல்கிறவர் ஊர்த் தலைவர் என்றால், அவர் எண்ணாத தலைகள் கையேட்டுக்குத் தெரியாது. இரண்டாவது, மண்டபத்தில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிற தன்னார்வலருக்கு நூற்றுக்கணக்கான பக்கம் உதவாது. அவருக்கு வேண்டியது ஒரு பக்கம்: என்னென்ன பத்தி போடணும் என்கிற ஒரே பக்கம். அது இல்லாததால் மளிகைக் கடையில் பார்த்துப் பழகிய பத்திகளைப் போட்டுக்கொள்கிறார். நானும் அதைத்தான் செய்தேன். கடையில் வாங்க வந்தவரை மட்டும் எழுதினால் போதும். நிவாரணத்தில் வராதவரைத்தான் முதலில் எழுதணும்.

5. நாகையில் நடந்தது

இது புதுப் பிரச்சனை இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவி பெரும்பாலும் மீனவப் பஞ்சாயத்துகள் வழியாகப் போனது. அதற்கு நல்ல காரணம் இருந்தது: கடற்கரையில் அதைவிட உறுதியான அமைப்பு வேறு இல்லை, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும், பொருளை வாங்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கவும் முடிந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் மீனவர்கள்தான் இருப்பார்கள். கடற்கரையை ஒட்டி வாழ்ந்த தலித் விவசாயக் கூலிகள், உப்பளத் தொழிலாளர்கள், இருளர் குடும்பங்கள் ஆகியோர் தாமதமாகத்தான் கணக்கில் வந்தார்கள். சில இடங்களில் வரவே இல்லை. படகை இழந்தவர் பாதிக்கப்பட்டவர்; அந்தப் படகு கொண்டுவந்த மீனைக் கூடையில் சுமந்து விற்றவருக்கு இழப்பு எதுவும் எழுதப்படவில்லை.

அதே மாவட்டத்தில்தான் நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே ஸ்நேகா, சிஃப்ஸ் ஆகிய இரண்டு அமைப்புகள் முன்னின்று ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்தத் தொண்டு நிறுவனம் எந்தக் கிராமத்தில் என்ன செய்கிறது, எந்தக் கிராமத்தில் யாருமே இல்லை என்று தகவலை ஓரிடத்தில் திரட்டின. அந்த மையத்தின் பெரிய பங்களிப்பு அந்த இரண்டாவது பட்டியல்தான் என்று நான் நினைக்கிறேன்: யாருமே இல்லாத இடம்.

அப்படி இருந்தும் படகு விஷயத்தில் கட்டுப்படுத்த முடியவில்லை. கொடுக்கிறவர்களுக்குப் படகு பிடித்திருந்தது; படம் எடுக்க நன்றாக இருக்கும், பக்கவாட்டில் பெயர் எழுதலாம். கடைசியில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிட அதிகமான கண்ணாடியிழைப் படகுகள் கரையில் நின்றன. சில இடங்களில் படகு இருக்கிறது, ஏறிப் போக ஆள் இல்லை. கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்தாலும் கெடுதல் உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

6. சென்னை: முடிந்துபோன கோரிக்கைகள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் வேறொன்று பார்த்தோம். நிவாரணப் பொட்டலத்தில் கட்சித் தலைவர் ஸ்டிக்கர் ஒட்டியதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதே நாட்களில் இளைஞர்கள் இணையத்தில் பொது அட்டவணைகளைத் திறந்து, எங்கே என்ன வேண்டும், யாரிடம் என்ன இருக்கிறது என்று ராத்திரி பகலாகப் பதிந்தார்கள். கேட்பவரையும் கொடுப்பவரையும் நேராக இணைத்த வேலை அது. எத்தனையோ பேருக்கு உதவி போய்ச் சேர்ந்தது.

குறை எங்கே என்றால், கோரிக்கையைத் திறக்கப் பத்து வழி இருந்தது, மூடுவதற்கு வழி இல்லை. ‘இந்த முகாமில் பால் பவுடர் வேண்டும்’ என்ற செய்தி தேதியில்லாமல் சுற்றும். முதல் நாளே பால் பவுடர் போயிருக்கும். மூன்றாம் நாளும் நாலு வண்டி அதே முகாமுக்கு அதே பால் பவுடரோடு வரும். பக்கத்துத் தெருவில் போன் சார்ஜ் இல்லாதவர் எந்தச் செய்தியும் போட்டிருக்க மாட்டார். சத்தமாகக் கேட்டவருக்கு நாலுமுறை, கேட்க முடியாதவருக்கு ஒருமுறையும் இல்லை. தொழில்நுட்பம் மாறியிருந்தாலும் அங்கேயும் என் நோட்டில் இருந்த அதே ஓட்டைதான்.

7. என்ன பத்தி போடலாம்

“மழையில நனையிறவன்கிட்ட போய் நோட்டு நீட்டுவியா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் இரண்டு நாள் சோறும் தண்ணீரும் கொடுக்கும்போது யாரும் எழுத வேண்டாம்; வந்த கைக்குக் கொடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து பொருள் அளவாகவும் ஆள் அதிகமாகவும் இருக்கும்போது, எழுதாமல் கொடுப்பது என்றால் முன்னால் நிற்பவருக்குக் கொடுப்பது என்றுதான் அர்த்தம். முன்னால் நிற்க வண்டி வேண்டும், உடம்பில் தெம்பு வேண்டும், வரிசையில் நிற்க விடுகிற சாதியும் வேண்டும்.

ரேஷன் அட்டை இருக்கே, அதை வைத்துக் கொடுக்கலாமே என்றும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்குமானது. 30,000க்கும் மேற்பட்ட கடைகள், ஊருக்கு ஊர் குடோன், பழகிய ஆட்கள். இதைவிடப் பெரிய விநியோக வலை எந்தத் தொண்டு நிறுவனத்திடமும் கிடையாது. ஆரம்பிக்க அதுதான் சரியான இடம். அதோடு நிறுத்திக்கொண்டால் அட்டையே இல்லாத இருளர் குடும்பமும், செங்கல் சூளைக்கு வெளியூரிலிருந்து வந்தவரும், அட்டை இன்னும் மாமியார் வீட்டிலேயே இருக்கிற கைம்பெண்ணும் விடுபடுவார்கள்.

இன்றைக்கு நான் அந்த நோட்டைப் போட்டால் செலவுப் பக்கம் இப்படி இருக்கும். ‘ஊர்’ என்ற பத்தி கிடையாது, தெரு. காலனி, குப்பம், சூளை, வயல் நடுவே தனி வீடு எல்லாம் தனித்தனி வரி. வண்டி போவதற்கு முன்னாலேயே தெருப் பெயர்களை எழுதி வைத்துவிடணும். அதைக் கேட்க ஊர்த் தலைவர் மட்டும் போதாது. தபால்காரர், அங்கன்வாடி ஆசிரியை, கிராம செவிலியர் மூன்று பேரையும் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் விடுபடாது. அடுத்து, கேட்டது என்ன என்று ஒரு பத்தி, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. கேட்ட தேதி. கொடுத்த தேதி. கொடுத்தது. கையெழுத்து ஊருக்கு ஒன்றல்ல, அந்தத் தெருவில் வாங்கியவர்களில் இரண்டு பேர், ஒருவராவது பெண். கடைசியாக ஒரு பத்தி: ‘இல்லை’. கேட்டும் எங்களால் கொடுக்க முடியாதது எல்லாம் அதில்.

கொடையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய கணக்கு அந்தக் கடைசிப் பத்திதான். “இதோ, இத்தனை வீட்டுக்கு இன்னும் தார்ப்பாய் இல்லை, துணி வேண்டாம், முடிந்தால் பணமாக அனுப்புங்க, பக்கத்து டவுனில் கடை திறந்துவிட்டது, அங்கேயே வாங்கிக்கிறோம்” என்று சொல்ல அதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

அந்த அம்மாவின் தெருவில் 34 வீடு. அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த 11 தார்ப்பாய்தான் மண்டபத்தில் மிச்சம். அவற்றோடு அவர் தெருவுக்குப் போனோம். யாருக்குக் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களே உட்கார்ந்து பேசி, கைக்குழந்தை இருக்கிற வீடு, படுத்த படுக்கையாக ஆள் இருக்கிற வீடு என்று 11 வீட்டைச் சொன்னார்கள். அந்த அம்மா தன் வீட்டைச் சொல்லவில்லை. திரும்பி வந்து நோட்டில் ‘தார்ப்பாய் – 11 – இருப்பு 0’ என்று எழுதினேன். மீதி 23 வீட்டை எழுத அந்த நோட்டில் பத்தி இல்லை.